சிறுகதை மன்னர் செக்கோவ்

வான்கா என்னும் ஒன்பது வயதுச் சிறுவனை அறிவீர்களா? செருப்புத் தைப்பவரின் வீட்டில் அடியும் பசியும் தாங்காமல், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய இரவில் தன் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். முகவரி எழுதத் தெரியவில்லை. தாத்தாவின் பெயரையும், கிராமம் என்பதையும் மட்டும் எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, நம்பிக்கையோடு உறங்குகிறான். அக்கடிதம் போய்ச் சேராது என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. 1886-இல் இக்கதையை எழுதியவர் ருசிய நாட்டுச் சிறுகதை மன்னர் அந்தோன் செக்கோவ்.

செக்கோவ் 1860 ஜனவரி 29 அன்று தகன்ரோக் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் பண்ணையடிமையாக இருந்து, பணம் கட்டித் தம் குடும்பத்தை மீட்டவர். தந்தை மளிகைக் கடைக்காரர். பக்தி மிக்கவர், ஆனால் பிள்ளைகளை அடித்து வளர்த்தவர். பள்ளி விட்டதும் சிறுவன் அந்தோன் குளிரில் நடுங்கியபடி கடையைப் பார்த்துக் கொள்ள வேண்டும். வான்காவின் துயரத்தை அவர் எங்கே கற்றார் என்பது இப்போது புரிகிறதல்லவா?

1876-இல் கடை நொடித்தது. கடன்காரருக்கு அஞ்சித் தந்தை மாஸ்கோவுக்கு ஓடினார், குடும்பமும் பின்சென்றது. படிப்பை முடிப்பதற்காக அந்தோன் மட்டும் ஊரில் தங்கினார். அப்போது அவருக்கு வயது பதினாறு. நம்மைவிட ஓராண்டே மூத்தவர்! பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தம் செலவைப் பார்த்துக் கொண்டார். வீட்டுக்கும் பணம் அனுப்பினார்.

1879-இல் மாஸ்கோவில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கதைகள் எழுதி, அவ்வருமானத்தால் குடும்பத்தைத் தாங்கினார். 1884-இல் மருத்துவரானார். 1886-இல் மூத்த எழுத்தாளர் கிரிகரோவிச், திறமையை அவசர எழுத்தில் வீணாக்க வேண்டாம் என்று அவருக்கு எழுதினார். அந்த அறிவுரையைச் செக்கோவ் மனத்தில் கொண்டார். 1888-இல் புஷ்கின் பரிசு அவரைத் தேடி வந்தது.

புகழ் வந்தபின் அவர் ஓய்ந்திருந்தாரா? இல்லை. 1890-இல் சைபீரியாவைக் கடந்து, கைதிகள் வாழ்ந்த சகலின் தீவுக்குச் சென்றார். சுமார் 10,000 பேரைப் பற்றிய விவரங்களைத் திரட்டி, அவர்களது துன்பத்தை நூலாக்கினார். 1892-இல் மெலிகோவா கிராமத்தில் குடியேறினார். காலரா அச்சம் பரவியபோது 25 கிராமங்களின் மருத்துவப் பொறுப்பை ஊதியமின்றி ஏற்றார். ஏழைக் குழந்தைகளுக்காக மூன்று பள்ளிகள் கட்டுவித்தார்.

இத்தனைக்கும் அவர் காசநோயாளி. 1884 முதலே இருமலில் இரத்தம் கண்டது. மருத்துவராகிய அவருக்கு அதன் பொருள் தெரியாதா? ஆயினும் பிறர் நோயைக் கவனித்த அளவுக்குத் தம் நோயைக் கவனிக்கவில்லை. 1897-இல் நோய் முற்றவே, யால்டாவுக்குக் குடிபெயர நேர்ந்தது. 1901-இல் நடிகை ஓல்கா நிப்பரை மணந்தார். 1904 ஜூலை 15 அன்று, ஜெர்மனியில் பாடன்வைலர் என்னும் ஊரில் காலமானார். வயது 44 தான்.

தாம் பட்ட துன்பத்தால் மனம் கசந்து போகாமல், பிறர் துன்பத்தைக் கண்டு இரங்கக் கற்றவர் செக்கோவ். வான்காவின் கடிதம் தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை, நமக்குக் கிடைத்துவிட்டது. நம் தெருவிலும் கடைகளிலும் வான்காக்கள் இருக்கின்றனர். அவர்களை நின்று பார்க்கும் கண்களை நாமும் பெறுவோமாக.