மகாராணி கௌரி லட்சுமி பாய்

திருவனந்தபுரத்திற்குக் குடிவந்த நம்மவரை முதலில் திகைக்க வைப்பது திருவிதாங்கூரின் பழைய மருமக்கள்தாய வழக்கமாகும். அங்கே மன்னரின் மனைவி ராணியல்லர். அம்மச்சி என்றே அழைக்கப்பட்டார். அவர் பெற்ற மகனுக்கு அரியணையில் உரிமையில்லை. மன்னரின் சகோதரியே ராணி; அவர் வயிற்றுப் பிள்ளையே அடுத்த மன்னர்.

1791இல் பிறந்த கௌரி லட்சுமி பாய் 1810இல் பட்டமேற்றார். வேலுத்தம்பியின் கிளர்ச்சி அடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. கும்பினியாரின் கை ஓங்கி நின்றது. அரண்மனையிலோ தொட்டிலில் ஆண்மகவு இல்லை. சங்கனாச்சேரி ராஜராஜ வர்ம கோயில் தம்புரான் அவருடைய கணவர். எனினும் அரசர் அல்லர். பத்தொன்பது வயதுப் பெண் எத்துணைப் பெரும் பாரம் சுமந்தார் என்பதை நம் தாய்மார் அறிவர்!

1812இல் அடிமை வியாபாரத்தைத் தடுத்து ஆணை பிறப்பித்தார். 1813இல் சுவாதி திருநாள் பிறந்தார். இரயிம்மன் தம்பியின் தாலாட்டு இக்குழந்தைக்குரியதே. நான்கு திங்கள் மகவை மன்னராக்கித் தாம் பிரதிநிதியாக ஆண்டார்.

1815இல், இருபத்துநான்கு வயதுக்குள், மறைந்தார். தங்கை கௌரி பார்வதி பாய் 1829 வரை நாட்டைக் காத்தார். பிள்ளைகளைப் பேணி வளர்த்தவர் அரசரல்லாத அத்தந்தையே. அம்மகன் இயற்றிய கீர்த்தனங்களைத்தான் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் நாம் ஆண்டுதோறும் கேட்டு மகிழ்கிறோம்.