கபபிளாங்காவை வென்ற பஞ்சாப் கிராமத்துக்காரர்

சதுரங்கத்தில் எல்லாக் காலத்துக்கும் தலைசிறந்தவர் யார் என்று பேச்சு வந்தால் ஃபிஷர், காஸ்பரோவ், கார்ல்சன் என்ற மூன்று பெயர்களுக்குள்ளேயே விவாதம் சுற்றி வரும். பழைய ஆட்டங்களை அறிந்தவர்கள் கியூபாவின் கபபிளாங்காவையும் சேர்ப்பார்கள். அந்தக் கபபிளாங்காவையே தோற்கடித்த ஒரு முஸ்லிமை இந்தப் பேச்சில் பெரும்பாலும் யாரும் நினைப்பதில்லை. அவர் மர்ஹூம் மீர் சுல்தான் கான்.

இன்றைய பாகிஸ்தானின் குஷாப் மாவட்டத்தில் உள்ள மித்தா திவானா அவருடைய ஊர். பழைய நூல்கள் பிறந்த ஆண்டை 1905 என்கின்றன; குடும்பத்தார் 1903 என்கிறார்கள். தந்தையிடம் சிறுவயதிலேயே ஆட்டம் கற்றார். ஆனால் அவர் கற்றது நம் நாட்டு முறை. அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். எதிர்முனையை அடைந்தால் விரும்பியபடி ராணியாகிவிட முடியாது; எந்தக் காய்க்குரிய வரிசையில் போய்ச் சேர்கிறதோ அந்தக் காயாகத்தான் மாறும். ஐரோப்பியர் ஆடுவதுபோல் கோட்டை கட்டுவதும் கிடையாது. ஆட்டம் மெதுவாகத்தான் சூடுபிடிக்கும்.

அப்பகுதியின் பெரும் நிலக்கிழாரான சர் உமர் ஹயாத் கான் திவானா அவருடைய திறமையைக் கண்டு ஆதரவளித்தார். ஐரோப்பிய விதிகளைக் கற்க ஏற்பாடு செய்தார். 1928-ல் சுல்தான் கான் அகில இந்திய சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டு, லண்டனில் இந்தியா கவுன்சில் உறுப்பினராகப் பொறுப்பேற்ற சர் உமர் அவரையும் உடன் அழைத்துச் சென்றார்.

லண்டனில் முதலில் ஆடிய சிறு போட்டியில் அவர் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஐரோப்பிய வீரர்கள் புத்தகம் புத்தகமாகப் படித்து வைத்திருந்த தொடக்க நகர்வுகள் எதுவும் அவருக்குத் தெரியாது. வின்டர், யேட்ஸ் என்ற இரு ஆங்கில வீரர்கள் சில வாரங்கள் பயிற்சி கொடுத்தார்கள். அதே 1929-ல் ராம்ஸ்கேட்டில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பை வென்றார். 1932, 1933 ஆண்டுகளிலும் பட்டம் அவருக்கே. ஆளப்படும் நாட்டிலிருந்து வந்தவர் ஆளும் நாட்டின் சாம்பியன்! ஒலிம்பியாட் போட்டிகளில் இங்கிலாந்து அணியின் முதல் பலகையில் அமர்ந்தவரும் அவர்தான்.

இங்கிலாந்தின் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலேரியாவும் தொண்டை நோயும் மாறி மாறி வாட்டின. கழுத்தில் கட்டுப் போட்டுக்கொண்டே பல நாள் ஆட வந்தார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில், 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்த கபபிளாங்காவை 65 நகர்வுகளில் வீழ்த்தினார். கண்ணைப் பறிக்கும் பலிகொடுப்பு எதுவும் அந்த ஆட்டத்தில் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி, எதிராளி மூச்சுவிட இடமில்லாமல் செய்யும் ஆட்டம் அது. கிராமத்தில் பழகிய பொறுமை அதில் தெரிகிறது என்றே சொல்லத் தோன்றுகிறது. 1931-ல் டார்டகோவரைத் தனிப்போட்டியில் வென்றார். பிராக் ஒலிம்பியாடில் ருபின்ஸ்டைனும் ஃப்ளோரும் அவரிடம் தோற்றார்கள்; அன்றைய உலக சாம்பியன் அலெகைன் சமன் செய்தார்.

அதே வீட்டைச் சேர்ந்த ஃபாத்திமா என்ற பெண்மணி 1933-ல் பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தை வென்றதும் சொல்லப்பட வேண்டிய செய்தி.

சர் உமரின் லண்டன் பணி முடிய, சுல்தான் கானும் ஊர் திரும்பினார். 1935-ல் இந்திய வீரர் காடில்கரை ஒன்பதரைக்கு அரை என்ற கணக்கில் வென்றார். பிறகு உலகப் போட்டிகளில் அவரைக் காணவில்லை. சர்வதேச ஆட்டம் மொத்தமே ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவு. சாதனைக் கணக்கை வைத்துப் பார்த்தால் தலைசிறந்தவர் பட்டியலில் அவர் முதலிடத்துக்கு வரமாட்டார். அதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வேறு விதிகளில் வளர்ந்து, நூல்களின் துணையின்றி, இவ்வளவு குறுகிய காலத்தில் உலகின் முதல் பத்துப் பேருக்குள் வந்த இன்னொருவரைக் காட்டச் சொன்னால் பதில் கிடைப்பது கடினம். கபபிளாங்காவே பின்னாளில் அவரை மேதை என்று எழுதினார்.

மேற்கத்திய எழுத்துகளில் அவர் எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரராகவே நிலைத்துவிட்டார். சர் உமர் வீட்டு விருந்தில் அவர் உணவு பரிமாறியதாக அமெரிக்க வீரர் ரூபன் ஃபைன் எழுதியது பல நூல்களில் திரும்பத் திரும்ப வந்தது. அவருடைய குடும்பத்தார் இதை மறுக்கிறார்கள். பீர்களும் நில உடைமையாளர்களும் கொண்ட குடும்பம் தங்களுடையது, அவர் படிக்கத் தெரிந்தவர் என்கிறார்கள். விருந்தாளிக்குத் தம் கையால் பரிமாறுவது முஸ்லிம் வீடுகளில் மரியாதை. ஃபைன் கண்டது அதுவாகவும் இருக்கலாம் அல்லவா? அவரை ஏவலாளாகவே காட்டும் கதை, ஆட்டத்தைவிட ஆளின் தரத்தையே முன்னால் நிறுத்துகிறது.

1950-ல் உலக சதுரங்கக் கூட்டமைப்பு முதன்முதலாக 27 பேருக்கு கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது. ஆடுவதை எப்போதோ நிறுத்திவிட்ட ருபின்ஸ்டைனுக்கும் கிடைத்தது. அவரை வென்ற சுல்தான் கானுக்கு இல்லை.

அதைப் பற்றி அவர் அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. தம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார். பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்றுத்தரவில்லை. பயனுள்ள வேறு காரியம் பாருங்கள் என்பதே அவர் விருப்பமாக இருந்ததாம். 1966 ஏப்ரல் 25 அன்று காசநோயால் வஃபாத்தானார். 2024 பிப்ரவரியில் அதே கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது. கூட்டமைப்பின் தலைவர் பாகிஸ்தானுக்கே வந்து, அன்றைய காபந்துப் பிரதமரிடம் அதை ஒப்படைத்தார்.