விசுவாசியைக் கிளர்ச்சியாளராக்கிய அரசு

அமெரிக்க விடுதலைப் போருக்குத் தேயிலை வரியே காரணம் என்று பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன. வரியைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு என்பது என் கருத்து. அதை விளக்க பெஞ்சமின் பிராங்க்ளினின் வாழ்க்கையைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தென்படவில்லை. ஏனெனில், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை பிரிட்டிஷ் மகுடத்தின் விசுவாசியாகவே கழித்தவர் அவர்.

1706-இல் பாஸ்டனில், மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்றவரின் மகனாகப் பிறந்தார். பள்ளிக்குச் சென்றது இரண்டே ஆண்டுகள். அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகி, 17 வயதில் பிலடெல்பியா சென்று, அச்சாளராகவும் பத்திரிகையாளராகவும் உயர்ந்தார். மின்னலைப் பற்றிய ஆய்வுகள் ஐரோப்பாவெங்கும் அவருக்குப் புகழ் சேர்த்தன. 1753-இல் குடியேற்றங்களின் அஞ்சல் துறைப் பொறுப்பை பிரிட்டன் அவருக்கு அளித்தது. அவருடைய மகன் வில்லியம், நியூஜெர்சியின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். பேரரசால் வாழ்வு பெற்ற குடும்பம் அது.

பிரான்ஸுடனான ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தபோது, பிரிட்டனின் கடன் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படைகளின் செலவில் ஒரு பகுதியைக் குடியேறிகளிடமே வசூலிக்க நாடாளுமன்றம் முடிவு செய்தது. 1765-இல் முத்திரைத்தாள் சட்டம் வந்தது. பத்திரங்கள், நாளிதழ்கள், சீட்டுக்கட்டுகள் வரை வரி விதிக்கப்பட்டது.

அப்போது லண்டனில் பென்சில்வேனியாவின் பிரதிநிதியாக இருந்த பிராங்க்ளின், சட்டத்தை எதிர்த்தார்; நிறைவேறிய பின்னரோ, அதற்குப் பணிந்து, முத்திரைத்தாள் விநியோகிக்கும் பதவிக்குத் தம் நண்பரையே பரிந்துரைத்தார். பிலடெல்பியாவில் மக்களின் சினம் அவர் வீட்டின்மீது திரும்பியது. அவருடைய மனைவி டெபோரா துப்பாக்கியுடன் வீட்டைக் காத்து நின்றார். மக்களின் மனநிலையை பிராங்க்ளின் அப்போதுதான் முழுமையாக உணர்ந்தார். 1766 பிப்ரவரியில் மக்களவை முன் தோன்றி, கேள்விகளுக்கெல்லாம் நிதானமாக விடையளித்தார். அடுத்த மாதமே சட்டம் திரும்பப் பெறப்பட்டது.

ஆனால், எந்த விஷயத்திலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றத் தனக்கு அதிகாரம் உண்டென்று நாடாளுமன்றம் உடனே இன்னொரு சட்டம் செய்தது. சிக்கலின் வேர் இதுதான். வர்ஜீனியாவில் 1619 முதலே மக்கள் பிரதிநிதிகளின் அவை இருந்தது. தங்கள் வரியைத் தாங்களே விதித்துப் பழகியவர்கள், தாங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத மன்றத்துக்கு ஏன் பணிய வேண்டும்?

1773-ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம் இதை மெய்ப்பித்தது. வங்காளத்தைச் சுரண்டியும் கடனில் மூழ்கிய கிழக்கிந்தியக் கம்பெனியைக் காப்பாற்ற, அதன் தேயிலை நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. விலை குறைந்தது, வரி மட்டும் நீடித்தது. மலிவாகக் கிடைத்த தேயிலையைத்தான் அந்த டிசம்பரில் பாஸ்டன் மக்கள் கடலில் கொட்டினார்கள். பணம் மட்டுமே பிரச்னை என்றால் இது நடந்திருக்குமா?

மாசசூசெட்ஸ் ஆளுநரின் அந்தரங்கக் கடிதங்களை அமெரிக்காவுக்கு அனுப்பியவர் தாமே என்று பிராங்க்ளின் ஒப்புக்கொண்டிருந்தார். அது விமர்சனத்துக்குரிய செயல்தான். 1774 ஜனவரியில் பிரிவி கவுன்சில் முன் அவரை நிறுத்தி, அரசு வழக்குரைஞர் சுமார் ஒரு மணி நேரம் வசைபாடினார். பிரபுக்கள் சிரித்தார்கள். 68 வயது முதியவர் வாய் திறவாமல் நின்றார். அஞ்சல் பதவியும் உடனே பறிபோனது. அதன் பின்னும் ஓராண்டுக்கு மேல் லண்டனில் தங்கி, சமரசத்துக்கு வழி தேடினார் என்பதுதான் எனக்கு வியப்பளிக்கிறது.

1775 மே மாதம் அவர் தாயகம் திரும்பியபோது போர் தொடங்கிவிட்டிருந்தது. மறு ஆண்டு விடுதலைப் பிரகடனத்தை வரையும் குழுவில் இடம்பெற்றார். 1778-இல் பிரான்ஸின் படை உதவியையும், 1783-இல் பிரிட்டனின் அங்கீகாரத்தையும் பெற்றுத் தந்ததில் அவர் பங்கு பெரிது. மன்னர் பக்கமே நின்ற மகனை மட்டும் அவர் இறுதிவரை மன்னிக்கவில்லை.

அடிமைகளை வைத்திருந்தவர் என்ற கறையும் அவருக்கு உண்டு. முதுமையில் அடிமை முறையை எதிர்த்து, அமெரிக்க காங்கிரஸுக்கு அனுப்பிய மனுவில் கையெழுத்திட்டார். இரண்டே மாதங்களில், 1790 ஏப்ரல் 17 அன்று, 84-ஆவது வயதில் மறைந்தார்.

அரசை எதிர்ப்பவர்கள் எல்லோரும் பிறவிக் கிளர்ச்சியாளர்கள் அல்லர். மனுக்களோடு காத்திருக்கும் விசுவாசிகளின் குரலுக்குச் செவிசாய்க்காத அரசு, அவர்களையும் எதிரிகளாக்கிக் கொள்கிறது. பிரிட்டன் அமெரிக்காவை இழந்த கதை அதுதான்.