பாஸ்டியரும் திராட்சரசமும்

லூயி பாஸ்டியர் என்னும் பெயரைக் கேட்டவுடன் வெறிநாய்க்கடிக்கு மாற்றுக் கண்ட பெரியார் என்றே நம்மவர் நினைவுகொள்வர். பாலைச் சூடாக்கிக் காக்கும் முறை அவர் பெயரால் வழங்குவதையும் மாணவர் அறிவர். ஆயின், அம்முறை முதலில் எழுந்தது பாலின்பொருட்டன்று, திராட்சரசத்தின்பொருட்டே என்பதை அறிந்தார் சிலரே. அவர் திராட்சரசத்தை ஆராய்ந்த வரலாற்றையே ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம். மதுவைப் புகழ்தல் நம் கருத்தன்று. ஒரு பொருளை வளர்ப்பதும் அழிப்பதும் ஒன்றேயாதல் கூடுமோ என்னும் வினாவிற்கு ஓர் அறிஞர் எவ்வாறு விடை கண்டார் என்பதே நாம் கூறக் கருதியது.

பிறப்பும் கல்வியும்

பிரான்சு தேசத்தின் கீழ்ப்பால், ஜூரா மலைநாட்டில், டோல் என்னும் ஊரில் 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 27ஆம் நாள் பாஸ்டியர் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழிலினர். முன்னர் நெப்போலியனுடைய சேனையிற் பணிபுரிந்து வீரப்பதக்கம் பெற்றவர். குடும்பம் சில ஆண்டுகளில் ஆர்புவா என்னும் சிற்றூரிற் குடியேறிற்று. அவ்வூரைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்களே. இலையுதிர் காலத்திற் பழம் பறித்தலும் பிழிதலும் பீப்பாய்களில் நிறைத்தலுமே அங்குள்ளார்க்கு வாழ்வு.

இளமையில் அவர் சித்திரம் வரைவதில் விருப்பம் மிக்கவர். பெற்றோரின் உருவங்களை வண்ணக்கோலால் நன்கு வரைந்தார். 1843ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து எகோல் நோர்மால் என்னும் உயர்தர ஆசிரியக் கல்லூரியில் மாணவராக அமர்ந்து, ரசாயன நூலில் தம் மனத்தைச் செலுத்தினார். 1848ஆம் ஆண்டில் அவருக்குப் புகழ் தந்த முதற் கண்டுபிடிப்பும் திராட்சரசத்தோடு தொடர்புடையதே. பீப்பாய்களின் உட்புறத்திற் படியும் உப்பிலிருந்து கிடைக்கும் டார்டாரிக் அமில வகைகளை அவர் ஆராய்ந்தார். ஒரு வகையின் படிகங்கள் இடக்கையும் வலக்கையும்போல ஒன்றற்கொன்று கண்ணாடி நிழலாய் அமைந்திருத்தலைக் கண்டு, அவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டினார்.

1854ஆம் ஆண்டில் லீல் நகரத்து விஞ்ஞானப் பகுதிக்குத் தலைவரானார். அங்கேதான் புளித்தல் என்னும் நிகழ்ச்சி அவர் கருத்தை ஈர்த்தது. புளித்தல் வெறும் ரசாயனச் சிதைவு என்றே அக்காலத்து அறிஞர் பலர் கருதினர். அது நுண்ணுயிர்களின் வாழ்க்கைச் செயல் என்று பாஸ்டியர் நாட்டினார். அவ்வுயிர்களுட் சில காற்றின்றியே வாழவல்லன என்பதையும் 1861ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

திராட்சரசத்தின் நோய்கள்

1860ஆம் ஆண்டில் பிரான்சும் இங்கிலாந்தும் வாணிக உடன்படிக்கை செய்துகொண்டன. பிரான்சு நாட்டுத் திராட்சரசத்திற்குக் கடல் கடந்த சந்தை திறந்தது. ஆனால் நல்ல ரசமென்று ஏற்றியனுப்பியது வழியிலேயே கெடுவதுண்டு. சில காடியாகப் புளித்தன, சில கசந்தன, சில எண்ணெய்போல் இழையோடின. குடியானவனும் வணிகனும் ஒருங்கே நஷ்டமுற்றனர். 1863ஆம் ஆண்டில் மூன்றாம் நெப்போலியன் இதற்குக் காரணம் காணுமாறு பாஸ்டியரை வேண்டினான்.

அவர் தம் இளமை ஊராகிய ஆர்புவாவிற்கே மீண்டார். 1864ஆம் ஆண்டில் அங்குப் பழைய காப்பிக்கடை ஒன்றின் கூடமே ஆராய்ச்சிச்சாலை ஆயிற்று. கருவிகளை உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் தகரவேலை செய்வோரும் ஆக்கித் தந்தனர். கெட்ட ரசத்தின் துளிகளைப் பூதக்கண்ணாடியில் வைத்து நோக்கிய பாஸ்டியர், ஒவ்வொரு நோய்க்கும் உரிய நுண்ணுயிர் ஒன்று அதில் இருத்தலைக் கண்டார். காடியாக மாறும் ரசத்தின் மேற்பரப்பில் மெல்லிய ஆடைபோற் படரும் கிருமி, காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, சாராயச் சத்தைப் புளிப்பாக மாற்றுகின்றது. காற்று இல்லையேல் அக்கிருமிக்குத் தொழில் இல்லை.

காற்றின் இரு குணம்

இத்துணையும் கண்டபின், காற்றே திராட்சரசத்திற்குப் பகை என்று முடிவு கூறியிருத்தல் எளிது. ரசம் செய்வோரும் வழிவழியாக அவ்வாறே நம்பிவந்தனர். ஆயினும் பாஸ்டியர் அவ்வளவில் நில்லாது, கிருமியின் செயலையும் காற்றின் செயலையும் வேறுவேறாகப் பிரித்தறிய விரும்பினார்.

ஒரே ரசத்தைக் கண்ணாடிக் குழாய்கள் பலவற்றில் வார்த்தார். சில குழாய்களைக் காற்றுக்கு இடமின்றி நிறைத்தார். சிலவற்றைப் பாதியளவே நிறைத்து, மேற்பாதியிற் காற்று நிற்கவிட்டார். பின்னர் அவற்றின் வாயை மூடிவைத்துக் காத்திருந்தார். நிறைந்த குழாய்களிலிருந்த ரசம் வைத்தவாறே இருந்தது. பாதிக் குழாய்களிலிருந்ததோ நிறம் வெளுத்து, அடியில் வண்டல் தங்கி, பன்னாள் வைத்த பழைய ரசத்தின் சுவையைப் பெற்றது. ஆகவே புதிய ரசத்தின் கடுமையைத் தணித்து அதனை முதிரச் செய்வது பிராணவாயுவே என்பது தெளிவாயிற்று. பீப்பாயின் மரத்துளைகள் வழியே சிறிது சிறிதாகப் புகும் காற்று அதனைப் பக்குவம் செய்கின்றது. அக்காற்றே ஒருங்கே மிகுதியாகப் புகின் அதன் மணத்தையும் சுவையையும் கெடுத்துவிடுகின்றது. வேறுபாடு பொருளில் இல்லை. அளவிலும் காலத்திலுமே உள்ளது.

இதற்கு அவர் பிறந்த ஜூரா நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. அங்குச் செய்யப்படும் மஞ்சள் திராட்சரசத்தைப் பீப்பாயில் ஆறு ஆண்டுகளுக்கு மேலாக, குறையும் அளவை நிரப்பாமலே வைத்திருப்பர். மேலே ஈஸ்ட் படலம் ஒன்று போர்வைபோற் படர்ந்து, காற்று நேரே ரசத்தைத் தாக்காதவாறு காக்கும். காடியாக்குவதும் ஒரு படலமே. காடியாகாமற் காப்பதும் ஒரு படலமே. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் அவ்விரண்டையும் பூதக்கண்ணாடியே வேறுபடுத்திக் காட்டியது.

சூட்டினாற் காத்தல்

நோய்க்கிருமிகளை அழிக்க அவர் கண்ட வழி மிக எளியது. நன்றாக அடைக்கப்பட்ட புட்டியில் ரசத்தை 50 முதல் 60 சென்டிகிரேடு வரை சிறிது நேரம் சூடாக்கின் போதும். கிருமிகள் மடியும், சுவையும் பெரிதும் கெடாது. இதற்கு 1865ஆம் ஆண்டில் உரிமைச்சாசனம் பெற்றார். ஆனால் அதனாற் பொருள் ஈட்ட விரும்பாது, யாவரும் கைக்கொள்ளுமாறு விட்டுவிட்டார். அவருக்கு முன்னரே அப்பெர் என்பார் திராட்சரசத்தைச் சூடாக்கிக் கப்பலேற்றிப் பார்த்ததுண்டு. அதனைப் பின்னர் அறிந்தபொழுது, மறையாது தம் நூலில் எடுத்துரைத்தார். 1866ஆம் ஆண்டில் திராட்சரச ஆராய்ச்சி என்னும் அந்நூல் வெளிவந்தது. மறுவருடம் பாரிஸில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் இவ்வாராய்ச்சிக்காக அவருக்குப் பெரும் பரிசு வழங்கப்பட்டது.

அவ்வாண்டுகளில் அவர் இல்லத்தில் நிகழ்ந்தவற்றையும் மாணவர் அறிதல் வேண்டும். மூத்த மகள் 1859ஆம் ஆண்டில் ஆர்புவாவிலேயே இறந்திருந்தாள். 1865ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தந்தையார் காலமானார். அவ்வாண்டிலேயே இரண்டு வயதுக் குழந்தை மறைந்தது. அடுத்த ஆண்டில், நூல் வெளிவந்த காலத்திலேயே, பன்னிரண்டு வயது மகளையும் விஷசுரம் கொண்டுபோயிற்று. 1868ஆம் ஆண்டில் பாரிசவாயு கண்டு அவருடைய இடப்பக்கம் தளர்ந்தது. பின் வந்த அரும்பணிகள் யாவும் தளர்ந்த உடலுடனே செய்தவை.

மெய்ம்மைக்கு அஞ்சாமை

1878ஆம் ஆண்டில் அவருடைய நண்பரும் பேரறிஞருமாகிய கிளாட் பெர்னார் காலமானார். நுண்ணுயிரின் உதவியின்றிப் பழச்சாறு தானே சாராயமாகும் என்ற கருத்துடைய குறிப்புகள் அவருக்குப்பின் அச்சாயின. இறந்த நண்பரை வாதத்தால் வெல்ல பாஸ்டியர் விரும்பவில்லை. ஆர்புவாவிற்கு அருகே 1874ஆம் ஆண்டில் தாம் வாங்கியிருந்த திராட்சைத் தோட்டத்திற் கண்ணாடி அறைகளை எழுப்பி, காய்கள் பழுக்குமுன்னரே சில கொடிகளை மூடிவைத்தார். சோதனை தமக்கு எதிராக முடியின் இருபது ஆண்டு உழைப்பும் ஐயத்திற்கு இடமாகும் என்பதை அவர் அறியாதவரல்லர். அக்டோபரிற் பறித்துப் பிழிந்தபொழுது, வெளியே பழுத்தவை நொதித்தன, மூடிவைத்தவை நொதிக்கவில்லை. ஈஸ்ட் வெளியிலிருந்தே பழத்தோலில் வந்து தங்குகின்றது என்பது உறுதியாயிற்று. எனினும், ஈஸ்டைப் பிழிந்த சாறே உயிரின்றியும் சர்க்கரையை நொதிக்கச் செய்யும் என்பதை 1897ஆம் ஆண்டில் புக்னர் கண்டார். ஆதலின் பெர்னாரின் எண்ணத்திலும் ஓரளவு உண்மை இருந்தது எனல் வேண்டும்.

திறந்த புட்டி

பாஸ்டியரின் பாதிக் குழாய்தான் திறந்து மீதம் வைத்த ஒவ்வொரு புட்டியும். காற்றோடு கலந்து நிறைவுற்ற ரசத்தில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் பிராணவாயு கரைந்து நிற்கும். ரசத்திலுள்ள துவர்ப்புப் பொருள்களோடு, மிகச் சிறிதளவான இரும்பின் துணையால், அது சேர்கின்றது. அச்சேர்க்கையில் விளையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு சாராயத்தை அஸிடால்டிஹைடு ஆக்க, அடிபட்டு வாடிய ஆப்பிளின் வாசம் தோன்றுகின்றது. இதற்குக் கிருமி வேண்டுவதில்லை. பின்னர்க் காடிக்கிருமியும் புகுந்து தன் பங்கைச் செய்யும்.

ஆலயத்தில் நற்கருணைக்காகத் திறந்த புட்டியில் எஞ்சியதற்கும் இவ்விதியே. தக்கையை மீண்டும் அழுத்திவிட்டால் மட்டும் போதாது. உள்ளே நிற்கும் காற்று உள்ளேயேதான் இருக்கும். மீதத்தைச் சிறு புட்டி ஒன்றில் விளிம்புவரை நிறைத்து அடைத்து, குளிர்பெட்டியில் வைத்தல் நலம். குளிர்ச்சி இம்மாறுதல்களைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்தும். நைட்ரஜன் அல்லது ஆர்கான் வாயுவைச் செலுத்திக் காற்றை விலக்குவோரும் உளர். நொதியாத பழச்சாற்றையே நற்கருணைக்கு விரும்பினார் அமெரிக்காவில் மெதடிஸ்த சபையைச் சார்ந்த பல்வைத்தியராகிய தாமஸ் வெல்ச் என்பார். அவர் 1869ஆம் ஆண்டில் பாஸ்டியரின் சூட்டு முறையாலேயே அச்சாற்றைக் காத்தனர். மதுவைக் காக்க எழுந்த முறை மதுவிலக்குக்கும் துணையாயிற்று.

முடிவு

ரசத்தின் நோயை ஆராய்ந்த கண்ணே பின்னர்ப் பட்டுப்புழுவின் நோயையும், ஆட்டின் நோயையும், மனிதர் நோயையும் நோக்கிற்று. 1885ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் சிறுவன் அவரது மருத்துவத்தால் உயிர் பிழைத்தான். 1895ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 28ஆம் நாள் பாஸ்டியர் இவ்வுலக வாழ்வை நீத்தார். நம் நீலகிரியிற் குன்னூரில் 1907ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பாஸ்டியர் நிலையம் அவர் பெயரை நம்மிடையே நிலைநிறுத்திற்று.

ஒன்றை முற்றிலும் நன்று என்றோ முற்றிலும் தீது என்றோ விரைந்து கூறிவிடுதல் நம்மனோர்க்கு இயல்பு. காற்றைப் பகை என்று எல்லோரும் கூறியபொழுது, எவ்வளவு காற்று, எத்தனை நாள் என்று வினவியவர் பாஸ்டியர். அவ்வினாவை ஆராய்ச்சிச்சாலையிலேயன்றி வாழ்க்கையிலும் எழுப்பப் பயில்வோமாக.