அவை வேறு, நீதிமன்றம் வேறு: ஆடம் கிளேட்டன் பவலின் வாழ்க்கை

ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதி மீது குற்றச்சாட்டு எழும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று, அவரைக் கேள்விகேட்பதே பகைமை என்கிறது. மற்றொன்று, விசாரணைக்கு முன்பே அவரைத் தூக்கியெறியச் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் அப்பால் சிந்திக்க, அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் ஆடம் கிளேட்டன் பவலின் வாழ்க்கை நமக்கு உதவுகிறது.

1908இல் பிறந்த பவல், 1937இல் தம் தந்தையைத் தொடர்ந்து நியூயார்க் ஹார்லெமின் அபிசீனியன் பாப்டிஸ்ட் திருச்சபையின் போதகரானார். 1941இல் நியூயார்க் நகர மன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானார். 1944இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வானார். வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்த அவையின் உணவகத்தில் துணிந்து நுழைந்தார். நிறப்பாகுபாடு காட்டும் நிறுவனங்களுக்கு அரசு நிதி கூடாதென்ற திருத்தத்தை இடைவிடாது முன்மொழிந்தார். 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் அக்கொள்கை இடம்பெற்றது. 1961 முதல் கல்வி, தொழிலாளர் குழுவின் தலைவராக இருந்து பல நலச் சட்டங்களை நிறைவேற்றினார்.

பதவியில் இருக்கும்போதே 1958இல் வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டு அவர்மீது சுமத்தப்பட்டது. உறுப்பினர் பதவி அவ்வழக்கைத் தடுக்கவில்லை. 1960இல் நடந்த விசாரணையில் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வராததால் வழக்கு கைவிடப்பட்டது. அதே ஆண்டு, ஹார்லெமைச் சேர்ந்த கறுப்பின விதவை ஒருவரைக் காவல்துறைக்குக் கையூட்டு வசூலித்துக் கொடுப்பவரென்று தொலைக்காட்சியில் சாடினார். அவைக்குள் பேசுவதற்கு அரசமைப்பின் பாதுகாப்பு உண்டு. தொலைக்காட்சிப் பேச்சுக்கு இல்லை. அவதூறு வழக்கில் தோற்றும் இழப்பீட்டைத் தராமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார். கைது ஆணைக்கு அஞ்சி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே தம் தொகுதிக்கு வந்துபோகும் நிலை உண்டாயிற்று. பாதிக்கப்பட்டவரும் நம்மைப்போல் ஒடுக்கப்பட்டவரே என்பதை நாம் மறக்கலாகாது.

பயணச் செலவில் பொய்க் கணக்கு, பணியாற்றாத மனைவிக்கு அரசு ஊதியம் ஆகிய முறைகேடுகளை அவையின் விசாரணைக்குழு கண்டறிந்தது. பதவியேற்க அனுமதித்து, கண்டனமும் 40,000 டாலர் அபராதமும் விதிக்க அக்குழு பரிந்துரைத்தது. ஆனால் 1967 மார்ச் 1 அன்று, 307க்கு 116 என்ற வாக்குகளில் அவை அவரை உள்ளே நுழையவிடாமல் விலக்கியது. அதே ஆண்டு நிதி முறைகேட்டுக்காக வெள்ளையின மேலவை உறுப்பினர் தாமஸ் டாட் கண்டிக்கப்பட்டார். ஆனால் அவருடைய இருக்கை பறிக்கப்படவில்லை. இந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று நம்மால் கடந்துவிட முடியவில்லை.

அடுத்த மாதமே நடந்த இடைத்தேர்தலில் ஹார்லெம் மக்கள் அவரையே பெருவாரியாகத் தேர்ந்தெடுத்தனர். 1969 ஜூன் 16 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: வயது, குடியுரிமை, வசிப்பிடம் ஆகிய அரசமைப்புத் தகுதிகளை நிறைவுசெய்தவரை அவை விலக்க முடியாது, பதவியேற்ற உறுப்பினரை வெளியேற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், விலக்கலை வெளியேற்றலாகக் கருத இயலாது. அவையின் உள்விவகாரமென்று ஒதுங்கிக்கொள்ளவும் நீதிமன்றம் மறுத்தது.

அத்தீர்ப்பு பவலைக் குற்றமற்றவரென்று கூறவில்லை. 1969 ஜனவரியில் அவரை ஏற்ற அவை, 25,000 டாலர் அபராதம் விதித்து மூப்புரிமையையும் பறித்தது. 1970இல் கட்சியின் முதனிலைத் தேர்தலில் சார்ல்ஸ் ரேங்கல் அவரை வென்றார். 1972 ஏப்ரல் 4 அன்று மயாமியில் பவல் மறைந்தார்.

குற்றத்தை விசாரிப்பது நீதிமன்றத்தின் கடமை. ஒழுங்கைக் காப்பது அவையின் கடமை. பிரதிநிதியைத் தேர்வதும் நீக்குவதும் மக்களின் உரிமை. இந்த எல்லைகள் கலையும்போது முதலில் குரலிழப்பது, நெடுநாள் போராடி ஓர் இருக்கையைப் பெற்ற சமூகமே. ஆகவே நம் பிரதிநிதிகளுக்கு நாம் கோர வேண்டியது விதிவிலக்கு அன்று. எல்லோருக்கும் பொருந்தும் அதே விதி.