தாயத்தையும் சோதித்த டாக்டர்

அப்பா கட்டடக் கலைஞர். பையனுக்குக் கணக்கும் ஜியோமெட்ரியும் அவரே சொல்லிக்கொடுத்தார். இந்தப் பையன் நம்ம பக்கம்தான் வந்திருக்கணும், இல்லையா? ஆனால் அவனுக்கு 16 வயசில் அப்பாவுக்கு ஒரு கனவு வந்தது. பையனை மருத்துவம் படிக்க வைக்கணும் என்பது கடவுளின் கட்டளை என்று நம்பினார். குரூப் மாறிப்போச்சு!

அந்தப் பையன்தான் கேலன். கி.பி. 129-இல் பெர்கமம் நகரில் பிறந்த கிரேக்கர். அந்த ஊர் இப்போ துருக்கியில் இருக்கு. மருத்துவக் கடவுள் அஸ்கிலேபியஸுக்கு அங்கே பெரிய கோயில். நோயாளிகள் ராத்திரி கோயிலிலேயே தூங்குவாங்க. கனவில் கடவுள் வந்து வைத்தியம் சொல்வார் என்பது நம்பிக்கை. கேலனும் அதை நம்பினார். கனவில் வந்தபடி தன் கையிலேயே ரத்தக் குழாயை வெட்டிக்கொண்டவர் அவர்!

ஆனால் அதே ஆள்தான் எதையும் செய்து பார்க்காமல் விடமாட்டார். கிளாடியேட்டர்களுக்கு டாக்டராக இருந்துவிட்டு 162-இல் ரோமுக்குப் போனார். அங்கே அறிஞர்கள் முன்னால், கத்திக்கொண்டிருந்த பன்றியின் கழுத்து நரம்புகளை நூலால் கட்டினார். சத்தம் நின்றது. அவிழ்த்ததும் திரும்பக் கத்தியது. குரலை ஆள்வது இதயம் இல்லை, மூளை என்று கண்ணெதிரே காட்டிவிட்டார். பிறகு பேரரசர் மார்கஸ் அரேலியஸுக்கே மருத்துவரானார்.

மூலிகைப் புத்தகத்தில் மந்திரம் எழுதியவரைக் கடுமையாகத் திட்டியவர் கேலன். ஆனாலும் தாயத்தை ஒதுக்கவில்லை. வலிப்பு நோயுள்ள ஒரு சிறுவன் கழுத்தில் பியோனிச் செடியின் வேரைத் தொங்கவிட்டிருந்தான், வலிப்பு வரவில்லை. வேர் இல்லாதபோது வந்தது. மறுபடி கட்டினால் நின்றது. சோதிப்பதற்காகவே திரும்ப எடுத்தார், வலிப்பு வந்தது. வேரின் துகள்கள் மூச்சில் கலந்து வேலை செய்யுது என்று முடிவுகட்டினார். முடிவு தப்பு, ஒரே ஒரு சிறுவனை வைத்து எப்படிச் சொல்லமுடியும்? ஆனால் தாயத்தைக் கழற்றிப் பார்க்கணும்னு தோணிச்சே, அதைக் கவனிங்க.

அவர் அறுத்துப் பார்த்தது குரங்கு, பன்றி, மாடு போன்றவற்றைத்தான். விலங்கின் மூளைக்கடியில் கண்ட ரத்தக் குழாய் வலை மனிதருக்கும் உண்டு என்று எழுதிவைத்தார். ஐரோப்பாவில் 1300 வருஷத்துக்கும் மேல் அதுவே பாடம். மனித உடலை அறுத்துப் பார்த்த வெசாலியஸ், 1543-இல் வந்த தன் புத்தகத்தில் அது இல்லை என்றார்.

கேலன் தாயத்தைச் சோதித்தார். பின்னால் வந்தவங்க கேலனையே தாயத்தாகக் கட்டிக்கிட்டாங்க. அடுத்த தடவை சீனியர் ரெக்கார்டிலிருந்து ரீடிங்கை அப்படியே எழுதும்போது இதை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.