தன் உடலையே ஆய்வுகூடமாக்கிய வைத்தியர்

நோயுற்றவன் அதனின்று விடுபடவே விரும்புவான். நோயின் காரணத்தை அறியும் பொருட்டு அதனைத் தானே வலிந்து வரவழைத்துக்கொள்பவர் அரியர். அத்தகையோருள் ஒருவர் சாள்ஸ் ஹரிசன் பிளாக்லி.

இவர் 1820 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் போல்ற்றன் நகரிற் பிறந்தார். இளமையில் அச்சகத் தொழில் பழகினார். ஓய்வு நேரங்களில் தாவரவியலும் இரசாயனமும் கற்று, நுணுக்குக்காட்டியைக் கையாள்வதிலும் தேர்ந்தார். ஏறக்குறைய 35 ஆம் வயதிலேதான் வைத்தியக் கல்வியிற் புகுந்தார். 1858 இல் தேர்வு பெற்று மான்செஸ்ரர் நகரில் வைத்தியரானார்.

கோடை வந்ததும் அவருக்கு மூக்கு ஒழுகும், கண்கள் சிவந்து எரியும், தும்மல் ஓயாது. வைக்கோற் காய்ச்சல் என வழங்கும் இந்நோயை, லண்டன் வைத்தியர் ஜோன் பொஸ்ரொக் 1819 இலேயே தம் அநுபவங்கொண்டு விவரித்திருந்தார். எனினும் காரணம் துலங்கவில்லை. வெப்பம் என்றனர் சிலர். ஓசோன் என்றனர் சிலர். புழுதி என்றனர் வேறு சிலர்.

1859 இல் பிளாக்லி ஆராய்ச்சியைத் தொடங்கினார். பிறர் கூறிய காரணங்களை ஒவ்வொன்றாகத் தம்மீதே சோதித்தார். எதுவும் முற்றாகப் பொருந்தவில்லை. வீட்டுச் சாடியிலிருந்த புற்பூங்கொத்து ஒன்று அசைந்தபோது எழுந்த நுண்தூள் அவரைத் தும்மவைத்தது. அதுவே அவருக்கு வழிகாட்டிற்று. அத்தூள் மகரந்தம்.

பல்வேறு புற்களின் மகரந்தத்தை முகர்ந்து பார்த்தார், நோய் வந்தது. கையின் தோலைச் சிறிது சுரண்டி மகரந்தத்தை வைத்துக் கட்டினார். அவ்விடம் அரித்து வீங்கிற்று. மகரந்தமின்றிச் சுரண்டிய இடமோ வீங்கவில்லை. இன்று ஒவ்வாமையைக் கண்டறிய வைத்தியர்கள் செய்யும் தோற்சோதனைக்கு இதுவே முன்னோடி.

பின்னர் பசை பூசிய கண்ணாடித் தகடுகளை வெளியில் வைத்து, அவற்றிற் படிந்த மகரந்தமணிகளை நாள்தோறும் எண்ணினார். மணிகள் மிகுந்த நாட்களில் அவரது நோயும் மிகுந்தது. பட்டத்திற் கட்டிய தகடுகளை ஆயிரம் அடிக்கு மேலும் உயர்த்தினார். நிலத்தருகே கிடைத்ததினும் கூடுதலான மணிகள் அங்கே கிடைத்தன. காற்று மகரந்தத்தை நெடுந்தூரஞ் சுமந்து செல்வதால், புல்வெளியைக் காணாத நகரவாசியும் துன்புறுகிறான் என்பது விளங்கிற்று.

1873 இல் இம்முடிபுகளை நூலாக வெளியிட்டார். சாள்ஸ் டாவின் அதனைக் கண்டு அவருக்குக் கடிதம் எழுதினார்.

தம் நோயைத் தீர்க்கும் மருந்தைக் காணாமலே பிளாக்லி 1900 இல் மறைந்தார். லண்டனில் மகரந்தச் சாற்றை ஊசிமூலம் ஏற்றும் சிகிச்சை 1911 இலேயே வெளியாயிற்று. இன்று பல நாடுகளில் மழை வெயில் பற்றிய செய்தியோடு காற்றின் மகரந்த அளவும் அறிவிக்கப்படுகின்றது. அவ்வறிவிப்பைக் கேட்டுச் சாளரத்தை அடைப்பவர், பட்டம் விட்டுத் தும்மித் தும்மி எண்ணிய அவ்வைத்தியருக்குக் கடமைப்பட்டவரே.